தலை எழுத்தல்ல, இலை எழுத்து!

நம் நாட்டில் நாற்பது வயது தாண்டிய ஒருவருக்குச் சர்க்கரை வியாதியோ இரத்தக் கொதிப்போ வந்துவிட்டால், அதற்கு மூன்று சமாதானங்கள் எப்போதும் தயாராயிருக்கின்றன. ஒன்று, "தலை எழுத்து" என்பது. இரண்டு, "பரம்பரை" என்பது. மூன்று, "வயசானால் வரத்தானே செய்யும்" என்பது. இவற்றில் முதலாவது கோவிலிலிருந்து வந்தது. இரண்டாவதில் பாதி மெய்யும் பாதி சோம்பலும் கலந்திருக்கின்றன. மூன்றாவது, வியாதியை மரியாதையாக உள்ளே அழைத்து உட்கார வைக்கும் வார்த்தை. இந்த மூன்றையும் சொல்லி முடித்ததும் மனிதன் வழக்கம்போல் இலைக்கு முன் உட்கார்ந்து, வழக்கம்போல் சோற்றை மலையாகக் குவித்துக்கொண்டு, அதன் நடுவில் குளம் வெட்டி, மூன்றாம் முறையும் குழம்பு ஊற்றச் சொல்லுகிறான். எதை யோசிக்க வேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசிப்பதென்பது நம் ஜனங்களுக்குக் கைவந்த வித்தையாயிருக்கிறது.

பிரம்மா என்பவன் தலையில் எழுதினதை இதுவரை எவனும் பார்த்ததில்லை. ஆனால் இலையில் எழுதப்படுவதைத் தினம் மூன்று வேளையும் எல்லோரும் கண்ணால் பார்க்கிறோம். ஒரு வருஷத்துக்கு 1,095 வேளை. முப்பது வருஷத்துக்கு 32,850 வேளை. இத்தனை தடவை எழுதப்பட்ட எழுத்து ஒரு மனிதனுடைய சரீரத்தில் என்ன பலனைக் கொடுக்கும் என்று விசாரிக்காமல், ஒருவனும் பார்த்திராத எழுத்தின் மேல் பழியைப் போட்டால், அதைவிட மதியீனம் வேறு உண்டா?

பிரம்மாவுக்கு எல்லைக்கல் தெரியுமா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையிலுள்ள கிளியனூரிலும், அதற்குக் கிழக்கே மரக்காணம் உப்பளம் வரையிலுள்ள ஊர்களிலும் இருக்கிற தோழர்கள் கீழ்க்கண்ட கணக்கைக் கவனிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மதராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் சேர்ந்து 2008 முதல் 2020 வரையில் நாடு முழுவதும் 1,13,043 பேரைப் பரிசோதித்து, அதன் முடிவை 2023இல் வெளியிட்டன. அதன்படி இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை வியாதி; தொகையாகச் சொன்னால் 10 கோடிக்கு மேல். இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4. கிளியனூர்க்காரர்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சினிமாவுக்கும் போய்வருகிற புதுச்சேரியிலோ நூற்றுக்கு 26.3! அதாவது நான்கு பேர் நின்றால் அதில் ஒருவருக்கு உண்டு. அதே கணக்கில் உத்தரப் பிரதேசத்தில் நூற்றுக்கு 4.8 பேருக்குத்தான்.

இப்பொழுது தலை எழுத்துக்காரரை நாம் கேட்கிறோம். பிரம்மா மண்டையில் எழுதும்போது, "இவன் புதுச்சேரிக்காரன், இவனுக்கு ஐந்து பங்கு, இவன் காசிச் சீமைக்காரன், இவனுக்கு ஒரு பங்கு" என்று எல்லைக்கல்லைப் பார்த்தா எழுதினான்? காசி இருப்பதனால் கிடைத்த சலுகை அது என்று யாராவது சந்தோஷப்படுவார்களானால், அந்த உத்தரப் பிரதேசத்திலேயே வாசற்படியில் நிற்பவர்கள் நூற்றுக்கு 18 பேர் என்று அதே கணக்கு சொல்லுகிறது. பணமும், பஸ்ஸும், மில் அரிசியும், டீக்கடையும், உட்கார்ந்த வேலையும் எங்கெங்கே முதலில் போயினவோ அங்கெல்லாம் வியாதி முதலில் போயிற்று. பின்னால் போன இடத்துக்குப் பின்னால் போகிறது. இதில் தெய்வத்துக்கு வேலையே இல்லை.

உள்ளே நடப்பது என்ன?

சோறு வயிற்றுக்குள் போனதும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் என்னும் உறுப்பு இன்சுலின் என்ற நீரைச் சுரந்து, தசைகளின் கதவைத் திறந்து, அந்தச் சர்க்கரையை உள்ளே அனுப்புகிறது. ஏர் பிடிக்கிறவன், வலை இழுக்கிறவன், உப்பு வாருகிறவன் ஆகியோருடைய தசைகள் வந்த சர்க்கரையை அப்பொழுதே எரித்துவிட்டு, "இன்னும் கொடு" என்று கேட்கின்றன. கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுடைய தசைகளோ, "இருப்பதே தீரவில்லை, வேண்டாம்" என்று கதவைச் சாத்துகின்றன. மிஞ்சின சரக்கை ஈரல் வாங்கிக் கொழுப்பாக மாற்றித் தன்னிடத்திலும் வயிற்றைச் சுற்றியும் அடுக்கி வைக்கிறது. கொழுப்பு ஏறிய ஈரல் இன்சுலினுடைய பேச்சைக் கேட்பதில்லை. பேச்சைக் கேட்காததனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. எஜமான் அடித்து அடித்து வேலை வாங்கிய மாடு ஒரு நாள் படுத்துவிடுவதுபோல் அதுவும் ஒரு நாள் படுத்துவிடுகிறது.

இது ஒரு நாளில் நடப்பதல்ல. பத்து, பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் நடக்கிறது. சீமையில் 1977இல் தொடங்கி 5,102 நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சியில், வியாதி இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே கணையத்தின் சக்தியில் ஏறக்குறைய பாதி போய்விட்டிருந்ததென்று தெரியவந்தது. நாற்பத்தைந்தாம் வயதில் டாக்டர் சீட்டில் எழுதுகிற வியாதி, முப்பதாம் வயதிலேயே இலையில் எழுத ஆரம்பிக்கப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்?

தாத்தா சாட்சி

இதைச் சொன்னவுடனே ஒருவர் எழுந்து, "என் தாத்தா மூன்று வேளையும் வட்டில் வட்டிலாகச் சாப்பிட்டார்; தொண்ணூறு வயது இருந்தார்; அவருக்கு என்ன சர்க்கரை வந்தது?" என்று கேட்பார். எந்த ஊர்க் கூட்டத்திலும் தவறாமல் ஆஜராகிற சாட்சி இந்தத் தாத்தாதான். நல்லது, விசாரிப்போம்.

தாத்தா விடிவதற்கு முன் எழுந்து கவலை இறைத்தார்; திண்டிவனம் சந்தைக்கு நடந்து போய் நடந்து வந்தார். அவர் தின்ற களியும் கூழும் அன்று சாயங்காலத்துக்குள் வேர்வையாகப் போய்விட்டன. பேரன் தெருக்கோடி டீக்கடைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறான். தாத்தாவின் இலையை மட்டும் வைத்துக்கொண்டு தாத்தாவின் ஏற்றத்தை விட்டுவிட்டவன் தாத்தாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்ன நியாயம்? அன்றியும், இந்தியா சுதந்தரம் அடைந்த காலத்தில் இந்நாட்டில் பிறந்த ஒருவருடைய சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். தொண்ணூறு வயது இருந்த தாத்தா ஒருவரைக் காட்டுகிறீர்கள். அவரோடு பிறந்து நடுவயதுக்குள் செத்துப்போன அண்ணன் தம்பிமாரை ஏன் காட்டவில்லை? செத்தவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. அதனால் அவர்கள் இருந்ததாகவே நாம் எண்ணுவதில்லை.

இன்னொருவர், "நான் ஒல்லியாயிருக்கிறேன், எனக்கு வராது" என்பார். புனாவில் யாஜ்னிக் என்கிற டாக்டரும் லண்டனில் யூட்கின் என்கிற டாக்டரும் தங்கள் சரீரத்தையே அளந்து 2004இல் ஒரு படத்துடன் பிரசுரித்தார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு ஒன்றே: 22.3. ஆனால் வெள்ளைக்கார டாக்டரின் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, நம் நாட்டு டாக்டரின் உடம்பில் நூற்றுக்கு 21.2. ஆகவே நம்மவர்களுக்குக் கை கால் குச்சியாயிருந்தாலும் கொழுப்பு வயிற்றில் பதுங்கியிருக்கக்கூடும். நம் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செண்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டருக்கும் மேல் போகக்கூடாதென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். டேப் இல்லாதவர்கள் அரைஞாண் கயிற்றைப் பார்க்கட்டும். பேய் பிசாசு அண்டாதென்று கட்டிய அந்தக் கயிறு பேயை விரட்டியதோ இல்லையோ, வருஷா வருஷம் அதை அவிழ்த்து நீட்டிக் கட்ட வேண்டியிருந்தால் அது சொல்லும் சாட்சி தாத்தாவின் சாட்சியைவிட உண்மையானது.

வெள்ளைச் சோறும் மேல்சாதிப் பெருமையும்

நிற்க. இந்த இலையை எழுதினது யார் என்று பார்ப்போம். ஏழையின் நாக்கு மாத்திரம் எழுதவில்லை. சாதிப் பெருமையும் சேர்ந்து எழுதிற்று. கேழ்வரகும் கம்பும் தின்றவன் கீழானவன். அரிசிச் சோறு தின்றவன் மேலானவன். அதிலும் தவிடு தட்டாத வெள்ளை அரிசி தின்றவன் அதற்கும் மேலானவன். விரதத்துக்கும் திவசத்துக்கும் பச்சரிசிதான் சுத்தம். புழுங்கல் ஒரு முறை வெந்துவிட்டதனால் "பத்து", ஆகாது. விஞ்ஞானமோ தலைகீழாகச் சொல்லுகிறது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பாகம் அரிசிக்குள்ளே இறங்கித் தங்குகிறது. பச்சரிசியைத் தீட்டினாலோ அது தவிட்டோடு போய்விடுகிறது. ஆக, சாஸ்திரம் எதைச் சுத்தம் என்றதோ அது சத்தில்லாதது; எதை அசுத்தம் என்றதோ அதுவே மேல்!

இது இன்று நேற்றுத் தெரிந்த சங்கதியுமல்ல. 1918 முதல் நீலகிரியில் குன்னூரில் மக்காரிசன் என்ற டாக்டர் உணவு ஆராய்ச்சி நடத்தினார். பஞ்சாப் சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், வங்காளி, மதராசி என்று ஒவ்வொரு மாகாணத்தார் உண்ணும் உணவையும் தனித்தனிக் கூட்டம் எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் தின்ற சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று முதலில் நின்றன. தீட்டிய அரிசியை நம்பிய நம் மதராஸ் எலிகள் எல்லாவற்றிலும் கடைசியாக நின்றன. எலிக்கு முன்ஜன்ம கர்மம் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்களென்று நம்புகிறோம்.

2020இல் 21 தேசங்களில் 1,32,373 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியொன்று வெளிவந்தது. நம் தெற்காசியாவில், தினம் 150 கிராமுக்குக் குறைவாக வெள்ளைச் சோறு தின்றவர்களைவிட, 450 கிராமும் அதற்கு மேலும் தின்றவர்களுக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு நூற்றுக்கு 61 பங்கு அதிகமாயிருந்தது. 450 கிராம் சோறு என்பது நம்மில் பலருக்கு மத்தியானம் ஒரு வேளைக்கே காணாது! 2025இல் வந்த இந்தியக் கணக்கின்படி நாம் உண்ணும் உணவின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்திலிருந்து வருவது நூற்றுக்கு 12 பங்குதான்.

நம் பக்கத்து வேடிக்கை ஒன்று உண்டு. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோவிலில் அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறார்கள். பணக்காரரும் செம்பை ஏந்தி வாங்கிக் குடிக்கிறார்கள். ஆவணி பிறந்ததும், வந்த சம்பந்தி வீட்டாருக்கு அதே கூழைக் கொடுத்தால் மானம் போய்விடும்! ஆத்தாளுக்கு ஆகிற கூழ் சம்பந்திக்கு ஏன் ஆகாது? மானம் கூழிலா இருக்கிறது?

விரதமும் பெண்களின் இலையும்

புரட்டாசி வந்தால் பெருமாளுக்காக மீனை விடுகிறார்கள். மரக்காணம் கடற்கரைச் சந்தையில் மீன் மலிந்து கிடக்கிற மாதம் அதுதான். மத்தியும் நெத்திலியும் ஏழைக்குக் கிடைக்கக்கூடிய முதல்தரமான புரதம். அதை விட்டுவிட்டு அந்த இடத்தில் எதைப் போடுகிறார்கள்? கீரையையா, பயறையா? இன்னும் இரண்டு கரண்டி சோற்றையும், உருளைக்கிழங்கு வறுவலையும், கடைசியில் பாயசத்தையும் போடுகிறார்கள். விரதம் என்று பெயர். வயிற்றுக்குள் போவது ஜவ்வரிசியும் வெல்லமும் வாழைப்பழமும் கேசரியும். பட்டினியென்றால் பட்டினியாகவாவது இருக்கக் கூடாதா?

இதில் பெண்களின் கதி சொல்லத் தரமல்ல. மீன் வாங்கினால் துண்டு புருஷனுக்கு, தலை பிள்ளைக்கு, சாறு மட்டும் சமைத்தவளுக்கு. எல்லோரும் உண்டு எழுந்தபின் சட்டியின் அடியில் மிஞ்சின சோற்றை, "வீணாகப் போகிறதே" என்று அவள் வயிற்றில் கொட்டிக்கொள்ளுகிறாள். வீட்டில் குப்பைத் தொட்டி ஒன்று வாசலில் இருக்கிறது. இன்னொன்று அடுப்படியில் இருக்கிறதா? புருஷன் தீர்க்காயுசாயிருக்க அவள் வெள்ளிக்கிழமை விரதமிருக்கிறாள். அந்தப் புருஷனோ அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் நான்கு பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்கிறான். இவள் பட்டினி அவன் இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைக்குமா? இவள் விரதத்தை விட்டுப் பருப்பும் முட்டையும் மீனும் சமமாகப் பங்கிட்டுச் சாப்பிட்டு, அவன் பரோட்டாவை விட்டால் இருவருமே தீர்க்காயுசாயிருப்பார்கள்.

பெண்ணின் இலையில் குறைவது அவளோடு நிற்பதுமில்லை. அவள் வயிற்றுப் பிள்ளையையும் தொடுகிறது. டில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், இரண்டு வயது வரை நோஞ்சானாயிருந்து, அப்புறம் வேகமாகச் சதை போட்டவர்களே முப்பது வயதுக்குள் சர்க்கரைக் கோளாறில் அதிகமாக விழுந்தார்களென்று 2004இல் தெரிந்தது. இங்கிலாந்தில் யுத்த காலம் முதல் 1953 செப்டம்பர் வரை சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது. ரேஷன் போனதும் ஜனங்கள் தின்ற சர்க்கரை ஏறக்குறைய இரட்டித்தது. கருவிலும் சிசுப் பருவத்திலும் ரேஷன் காலத்தில் இருந்தவர்களுக்கு, பின்னால் பிறந்தவர்களைவிட, நடுவயதிலும் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி சுமார் 35 சதவிகிதமும் இரத்தக் கொதிப்பு சுமார் 20 சதவிகிதமும் குறைவாக வந்தன என்று 2024இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். பாலாடையில் கற்கண்டைக் கரைத்துப் பச்சைக் குழந்தையின் வாயில் ஊற்றுகிற பாட்டிமார்களும், அழுகிற பிள்ளைக்குப் பத்து ரூபாய்ப் பாக்கெட்டை வாங்கித் திணிக்கிற தகப்பன்மார்களும் இதைக் கேட்டாவது யோசிப்பார்களா?

டீக்கடைக் கணக்கு

சாலையோரத்து டீக்கடைகளில் ஒருவர் தினம் ஐந்து டீ குடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிளாசுக்கு இரண்டு கரண்டி, அதாவது பத்துக் கிராம் சர்க்கரை. தினம் 50 கிராம். வருஷத்துக்குப் பதினெட்டே கால் கிலோ. முப்பது வருஷத்துக்கு 547 கிலோ. ஐந்து மூட்டைக்கு மேல்! இந்த ஐந்து மூட்டையை ஒரே நாளில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினால், "ஐயோ, இதை யார் தின்பது?" என்று பயப்படுவான். கிளாஸ் கிளாசாக இறக்கினதால் பயமில்லாமல் போயிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் சேர்க்கிற சர்க்கரையை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ளும், கூடுமானால் 25 கிராமுக்குள்ளும் நிறுத்தச் சொல்லுகிறது. இவருக்கு டீயிலேயே கணக்கு முடிந்துபோயிற்று; பிஸ்கட்டும் கலரும் லட்டும் கடனில் ஏறுகின்றன.

உப்பும் அப்படியே. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டி உப்பு போதுமென்று அதே ஸ்தாபனம் சொல்லுகிறது. நாம் சோறு, குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று ஐந்து வாசல் வழியாக உப்பை உள்ளே விடுகிறோம். 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அவர்களில் நூற்றுக்கு 7.3 பேர்தான். ஆனால் வெயிலில் வேகிற உப்பளத் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியது வேறு. தமிழ்நாட்டு உப்பளங்கள் ஏழில் 352 பேரைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் சக்தி குறைந்திருந்தது. கக்கூஸ் இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்கவே அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது தண்ணீர், நிழல், கக்கூஸ். உபதேசம் அதற்குப் பிறகு.

புதிய மூட நம்பிக்கைகள்

பழைய மூட நம்பிக்கை போன இடத்தில் புதியது ஒன்று கடை விரித்திருக்கிறது. பாகற்காய் கசப்பு, சர்க்கரை இனிப்பு. ஆகவே கசப்பைத் தின்றால் சர்க்கரை போய்விடுமாம்! இரத்தத்துக்கு நாக்கா இருக்கிறது? அப்படியானால் அழுது உப்புக் கண்ணீர் விட்டால் இரத்தக் கொதிப்பு குறைய வேண்டுமே! பாகற்காய் நல்ல காய்தான். காயாகத் தின்னுங்கள், மந்திரமாகத் தின்னாதீர்கள். வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் அமிர்தம் என்கிறார்கள். இரத்தத்துக்குள் போனபின் அதற்கு ஊரும் தெரியாது, நாடும் தெரியாது. சிறுதானியம் என்று பெயரிட்டு மூன்று பங்கு விலைக்கு விற்கிறார்கள். அதையும் நைசாக மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சி இரண்டு செம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். "பெருமுனிவர் அருளிய சூரணம், நாற்பத்தெட்டு நாளில் சர்க்கரை அடியோடு ஒழியும்" என்ற விளம்பரத்தை நம்பி இன்சுலினை நிறுத்தினவர்கள், நாற்பத்தெட்டு நாளில் ஒழிவது எது என்பதை ஆஸ்பத்திரியில் போய்த் தெரிந்துகொள்ளுகிறார்கள். மந்திரித்த கயிறு கட்டின பூசாரிக்கும் சூரணம் விற்கிற இவருக்கும் வேஷம் வேறு, தொழில் ஒன்றே.

எழுதின கையால் அழிக்கலாம்

"அப்படியானால் பரம்பரை என்பது பொய்யா?" என்று கேட்கலாம். பொய்யல்ல. தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகமென்பது மெய். ஆனால் பரம்பரை என்பது கூரை ஓலையென்றால், இலை என்பது நெருப்பு. ஓலை வீட்டுக்காரன்தானே நெருப்பில் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்? "என் வீடு ஓலை, ஆகவே எரிந்துதான் தீரும்" என்று அவன் கொள்ளிக்கட்டையைக் கூரையில் சொருகுகிறானா?

இதற்கு ருசு நம் நாட்டிலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரனும் அவர் தோழர்களும், வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் வைத்துப் பார்த்த ஆராய்ச்சியை 2006இல் வெளியிட்டார்கள். ஒன்றும் புதிதாகச் செய்யாமல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் வியாதிக்குள் விழுந்தார்கள். உணவை மாற்றித் தினம் நடந்தவர்களில் விழுந்தவர்கள் நூற்றுக்கு 39 பேர். மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேர். அதாவது காசில்லாத நடையும் குறைந்த சோறும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தன. அந்தப் பதினாறு பேருடைய தலை எழுத்தை அழித்தது யார்? எந்தப் பரிகாரமும் அல்ல. அவர்கள் காலும் கையுமே. வியாதி வந்துவிட்டவர்களும் கைவிடவேண்டியதில்லை. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் டாக்டர் மேற்பார்வையில் உணவைக் குறைத்து எடையைக் குறைத்தவர்களில் நூற்றுக்கு 46 பேர் ஒரு வருஷத்தில் சர்க்கரை மாத்திரையில்லாமலே சரியான அளவுக்கு வந்ததாக 2017இல் பிரசுரமாயிற்று. அவர்கள் ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டவர்கள். டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துகிறவன் அறிவாளியல்ல. வேறு கோவிலுக்கு மாறின பக்தன்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசமாயிற்று. அது ஏழையின் பட்டினியைத் தீர்த்தது. அதைக் குறை சொல்லுகிறவன் பசியறியாதவன். ஆனால் அரிசி மூட்டையாக வரும்போது, மலிவு விலைப் பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ என்றால் ஏழையின் இலை வெள்ளையாயிருக்காமல் வேறெப்படியிருக்கும்? பிள்ளைகளின் சத்துணவில் முட்டை வைத்த அரசாங்கத்தை நாம் பாராட்டுகிறோம். அந்த நியாயம் பிள்ளையின் தாய்க்கும் வேண்டும். பருப்பும் பயறும் இரட்டிப்பாக வேண்டும் என்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.

நம் தோழர்களிலும் சிலரைப் பார்க்கிறோம். கல்யாணத்தில் புரோகிதரை நீக்கிவிட்டார்கள், ஓமத்தை நீக்கிவிட்டார்கள், ஆனால் பந்தியில் லட்டு, கேசரி, பாயசம், மூன்று முறை சோறு எல்லாம் ஐயர் இருந்த காலத்தைவிட அதிகமாகவே இருக்கின்றன! புகையை அணைத்துவிட்டு நெருப்பைச் சம்பந்திக்கு அருகில் உட்கார வைப்பதா சீர்திருத்தம்?

ஆகவே தோழர்களே! பெரிய தவம் ஒன்றும் வேண்டாம். நாளைக்கு இலை போட்டதும் முதலில் காயையும் கீரையையும் பாதி இலைக்கு வையுங்கள். பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ கால் இலைக்கு வையுங்கள். மிஞ்சின கால் இலைதான் சோற்றுக்கு. நம் செம்மண்ணில் விளைகிற மல்லாட்டை ஒரு கைப்பிடி, வறுத்த உப்புக்கடலையாக அல்ல, வேகவைத்துத் தின்னுங்கள். டீயில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். அடுத்த மாதம் இன்னொன்றையும் குறையுங்கள். சாப்பிட்டவுடன் படுக்காமல் ஏரிக்கரை வரை நடந்து வாருங்கள். மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவளுக்கும் கால் உண்டு, அவளுக்கும் கணையம் உண்டு. முப்பது வயது ஆனவர்கள் ஆணும் பெண்ணும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருஷத்துக்கு ஒரு முறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள், காசு கிடையாது. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை இருந்தால் வாசற்படி. இரண்டாம் சோதனையிலும் 126ஐத் தொட்டால் வியாதி. ஜாதகக் கட்டத்தில் பன்னிரண்டு வீடு பார்ப்பதற்கு ஆகிற நேரத்தில் பாதி கூட இதற்கு ஆகாது; கிடைக்கிற பதிலோ உண்மையான பதில்.

நாற்பத்தைந்து வயதில் கால் போனவனுக்கும், கண் மங்கினவனுக்கும், சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று நாள் மெஷினில் படுத்திருப்பவனுக்கும் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது. விற்ற நிலம் நிற்கிறது. படிப்பை நிறுத்தின பெண் குழந்தை நிற்கிறது. அதையெல்லாம் விதி என்று சொல்லிவிட்டுப் போவதற்கு ஒரு நாக்கு போதும். விதியல்ல, வேளைக்கு வேளை நாமே எழுதினது என்று ஒப்புக்கொள்ளுவதற்குத்தான் அறிவு வேண்டும். தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவதை எவராலும் அழிக்க முடியாது. ஏனெனில் அங்கே எழுத்தே இல்லை. இலையில் எழுதுவதை நீங்களே எழுதுகிறீர்கள். நாளைக்கே திருத்தியும் எழுதலாம்.